சுமைதாங்கியும் முட்டுக்கட்டையும்

‘முட்டுக்கட்டை’ என்னும் சொல்லை நாம் நல்ல பொருளில் வழங்குவதில்லை. நற்செயல் ஒன்றைத் தடுப்பவரை ‘முட்டுக்கட்டை போடுகிறார்’ என்று குறை கூறுவதே நம் வழக்கம். ஆனால் செங்கோட்டையை அடுத்த புளியரை மலைச்சாலையில், பாரம் ஏற்றிய லாரி ஏற்றத்தில் திணறி நின்றுவிடும்போது, கீழே குதித்தோடிப் பின்சக்கரத்தின் அடியில் கட்டையைக் கொடுக்கும் கிளீனரைக் கண்டவர்கள் அச்சொல்லின் மறுபக்கத்தை அறிவார்கள். அங்கே தடுத்து நிறுத்துவதே உயிரைக் காப்பது.

அந்தச் சாலையின் வரலாறு நீண்டது. மேற்குத் தொடர்ச்சி மலையில் இயற்கை திறந்துவைத்த வாயில்களுள் ஒன்று ஆரியங்காவுக் கணவாய். தென்மேற்குப் பருவக் காற்று அவ்வழியே நுழைந்துதான் குற்றாலத்திற்கும் தென்காசிக்கும் சாரலைக் கொண்டுவருகிறது. காற்று வந்த வழியே வணிகமும் நடந்தது. கீழைச் சீமையின் நெல்லும் துணியும் மேற்கே சென்றன; மலைநாட்டின் மிளகும் பாக்கும் கிழக்கே இறங்கின. 1865 இல் பிரிட்டிஷ் இந்தியாவுக்கும் திருவிதாங்கூர், கொச்சி அரசுகளுக்கும் இடையே ஏற்பட்ட உடன்பாடு, எல்லைச் சுங்கத்தின் கெடுபிடியைப் பெரிதும் தளர்த்தியது. 1877 இல் புனலூரில் கல்லடையாற்றின்மீது தொங்குபாலம் எழுந்தது. 1904 இல் கொல்லத்திலிருந்து மலையைக் குடைந்து செங்கோட்டைக்கு இரயில் வந்தது. திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த செங்கோட்டை 1956 நவம்பர் 1 அன்று தமிழகத்தோடு இணைந்தது. ஆட்சிகள் மாறின, எல்லைகள் மாறின, சுமை மட்டும் மாறாமல் மலையேறிக்கொண்டே இருந்தது.

அந்தச் சுமையைச் சுமந்தவனுக்கு வழியில் யார் துணை? இக்கேள்விக்கு நம் முன்னோர் தந்த விடையை ஊர்ப்பெயர்களே சொல்லும். தென்காசிக்குக் கிழக்கே உள்ள பாவூர்சத்திரம் இன்று கேரளத்திற்குக் காய்கறி அனுப்பும் பெருஞ்சந்தை. அதன் பெயரிலோ வழிப்போக்கர் தங்கிய சத்திரம் நிலைத்திருக்கிறது. 1689 முதல் 1706 வரை மதுரையை ஆண்ட இராணி மங்கம்மாள் அமைத்த சாலைகளும் சத்திரங்களும் தென்னாட்டு மக்களின் நினைவில் இன்றும் வாழ்கின்றன. கோடையில் தண்ணீர்ப் பந்தல், இரவுக்குச் சாவடி, மலைக்கு அப்பால் வழியம்பலம் என்று அறங்கள் சாலையோரமாகவே வளர்ந்தன.

இவை அனைத்தினும் எளியது சுமைதாங்கிக் கல். நட்டுவைத்த இரண்டு கற்களின்மேல் படுக்கவைத்த ஒரு கல், அவ்வளவே. ஆனால் அதன் உயரத்தைக் கவனிக்க வேண்டும். தலைச்சுமையோடு தனியே நடப்பவன் சுமையைத் தரையில் இறக்கிவிடலாம். மீண்டும் தலையில் ஏற்ற இன்னொருவன் கைகொடுக்க வேண்டும். ஆளரவமற்ற வழியில் அந்த இன்னொருவன் எங்கிருந்து வருவான்? சுமைதாங்கியோ ஏறத்தாழத் தோளுயரத்தில் நிற்கிறது. எவர் உதவியுமின்றிச் சுமையை அதன்மேல் தள்ளிவைத்து இளைப்பாறலாம். எவர் உதவியுமின்றி மீண்டும் தலையில் வாங்கிக்கொள்ளலாம். வராத மனிதனுக்குப் பதிலாக ஊரார் நிறுத்திவைத்த மனிதன் அந்தக் கல்.

கருவுற்ற நிலையில் இறந்துபோன பெண்ணின் நினைவாகச் சுமைதாங்கி நாட்டுவது தமிழர் வழக்கம். இறக்கிவைக்காத சுமையோடு போனவளின் பெயரால், வருவோர் போவோரெல்லாம் தம் சுமையை இறக்கிவைக்கட்டும் என்பது அதன் உட்கருத்து. தம் வீட்டுத் துயரத்தை ஊர்ப்பொது உதவியாக மாற்றிய அந்த எளிய மக்களை எண்ணும்போது நம் நெஞ்சு நெகிழ்கிறது.

தலைச்சுமை மாட்டுவண்டிக்கு மாறியது. மாட்டுவண்டி லாரிக்கு மாறியது. கல்லின் தேவை மறைந்தது. அகலமான சாலைகளுக்காகப் பல சுமைதாங்கிகள் அகற்றப்பட்டன. ஆயினும் உதவி அடியோடு மறையவில்லை. வண்டி பழுதானால் பின்னால் வருவோர் அறியும்படி சாலையில் பச்சைத் தழையைப் போட்டுவைப்பது, எதிரே வரும் ஓட்டுநர் நிறுத்தி ஜாக்கி கொடுப்பது, மெக்கானிக்கிற்குச் சொல்லி அனுப்புவது ஆகியவை எழுதப்படாத சாலை நெறிகளாயின. இதில் பெரும்பங்கு கிளீனருடையது. இன்றோ ஓட்டுநர் மட்டும் தனியே வரும் வண்டிகள் பெருகிவிட்டன. கட்டையைக் கொடுக்க இறங்குபவர் இல்லை. இரவு இரண்டு மணிக்குப் பேச்சுக் கொடுத்து ஓட்டுநரை விழித்திருக்கச் செய்பவரும் இல்லை.

புளியரைத் தேநீர்க் கடையொன்றில் ஒரு முதிய ஓட்டுநர் நம்மிடம் சொன்னார்: “ஏத்தத்துல வண்டி நின்னா பயமில்ல சாமி, இறக்கத்துல நிக்கலைன்னாத்தான் பயம்.” உண்மைதான். கேரளத்திலிருந்து இறங்கும் வண்டி கீழ்க்கியரில் இறங்க வேண்டும். களைப்பினாலோ அவசரத்தினாலோ பிரேக்கை மட்டுமே நம்பி இறங்கினால், பிரேக் டிரம் சூடேறிப் பிடிமானம் குன்றும். எஸ் வடிவ வளைவு அதற்காகக் காத்திருக்காது.

2024 பிப்ரவரி 25 அன்று நள்ளிரவுக்குப் பின் அந்தப் பகுதியில், பிளைவுட் ஏற்றி வந்த லாரி சாலையிலிருந்து உருண்டு கீழேயுள்ள இரயில் பாதையில் விழுந்தது. ஓட்டுநர் உயிரிழந்தார். ஓசை கேட்டு விழித்த முதிய தம்பதியர் டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு தண்டவாளத்தின் வழியே ஓடி, வந்துகொண்டிருந்த இரயிலை நிறுத்தினர். தமிழக அரசு அவர்களுக்கு 5 இலட்சம் ரூபாய் வழங்கிப் பாராட்டியது. முட்டுக்கட்டை போட வேண்டிய நேரத்தில் போட்டவர்கள் அவர்கள்.

நம் காலத்துச் சட்டங்களும் வெறுமனே இருந்துவிடவில்லை. 2008 இல் தமிழகத்தில் 108 ஆம்புலன்ஸ் சேவை தொடங்கியது. தேசிய நெடுஞ்சாலைகளில் உதவி கோர 1033 என்னும் எண் வந்தது. விபத்தில் சிக்கியவருக்கு உதவுவோரைத் தொல்லைப்படுத்தலாகாது என்னும் நெறிமுறைகளுக்கு உச்ச நீதிமன்றம் 2016 இல் சட்ட வலிமை தந்தது. 2019 ஆம் ஆண்டு மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் அதை 134ஏ பிரிவாக்கியது. 2021 இல் முதல் 48 மணி நேரத்திற்கு இலவசச் சிகிச்சை தரும் தமிழக அரசின் திட்டம் வந்தது. உதவுபவருக்குச் சட்டம் சூட்டிய பெயர் ‘நல்ல சமாரியர்’ என்பது நமக்கு மகிழ்ச்சியே.

எனினும் அந்த உவமையை ஊன்றி நோக்குவோம். சமாரியர் காயத்தைக் கட்டியதோடு நிற்கவில்லை. காயமுற்றவரைச் சாவடிக்குக் கொண்டுபோய், அதன் பொறுப்பாளரிடம் பணமும் கொடுத்தார். வழியில் ஒரு சாவடி இருந்ததனால்தான் அவருடைய இரக்கம் முழுமை பெற்றது. நம் சட்டங்களுள் பெரும்பாலானவை விழுந்த பிறகு வருகின்றன. விழுவதற்கு முன் இளைப்பாறச் சாவடி எங்கே?

1961 ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், நாளுக்கு 8 மணி நேர வேலை, 5 மணி நேரத்திற்கு மேற்படாத தொடர் உழைப்புக்குப் பின் அரைமணி ஓய்வு, இரவில் தங்க நேரும் இடத்தில் ஓய்வறை என்றெல்லாம் விதித்தது. நல்ல விதிகளே. ஆனால் ஐந்து தொழிலாளருக்குக் குறைவான நிறுவனங்களை அது இயல்பாகக் கட்டுப்படுத்தவில்லை. ஓரிரு லாரிகளை வைத்துப் பிழைப்போரே மிகுந்த நாட்டில், எண்ணற்ற ஓட்டுநர்களுக்கு அந்த ஓய்வறை ஏட்டளவில்கூடக் கிட்டவில்லை. அச்சட்டமும் பின்னர் 2020 ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தொகுப்பில் அடங்கிவிட்டது. தூக்கம் கண்ணைச் சுழற்றும் ஓட்டுநரிடம் ‘ஓரமாக நிறுத்தி உறங்கு’ என்கிறோம். வளைவும் சரிவுமான மலைச்சாலையில் ஓரம் என்பது எது?

நம் முன்னோர் சுமப்பவனைப் பார்த்து ‘கவனமாகச் சுமந்து செல்’ என்று அறிவுரை கூறி அமையவில்லை, கல்லை நட்டார்கள். மலை ஏறுமுன்னும் இறங்குமுன்னும் லாரிகள் நிற்க அகன்றதோர் இடம், குடிநீர், கழிப்பறை, கால்நீட்டிப் படுக்க நிழல் ஆகியவையே இன்றைய சுமைதாங்கி. அரசு அமைக்கட்டும், ஊராட்சியும் வணிகரும் வழிபாட்டு இடங்களும் தோள் கொடுக்கட்டும். நம் அடுக்களைக்கு வரும் அரிசியும் காயும் யாரோ ஒருவர் உறங்காத இரவின் வழியாகவே வருகின்றன. அந்த மனிதர் சற்றே பாரத்தை மறந்து கண்மூட ஓரிடம் தருவது அவருக்கு நாம் இடும் பிச்சையன்று. நெடுநாளாக நிலுவையில் உள்ள கடன்.