ஆலமரத்தடியில் ஒரு சொல் பஞ்சாயத்து

மென்பொருள் எழுதுறவங்களுக்குப் பிடிக்காத வேலை எதுன்னு ஒரு பட்டியல் போட்டா, முதல் இடம் ஆவணம் எழுதுறதுக்குத்தான். நிரல் எழுதச் சொன்னா ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் உட்கார்ந்து தட்டுவோம். அது எப்படி வேலை செய்யுதுன்னு நாலு பாரா எழுதுப்பான்னு சொன்னா, "நாளைக்கு எழுதிக்கலாம்". அப்படியே எழுதினாலும் ஒருத்தர் எழுதின மாதிரி இன்னொருத்தர் எழுத மாட்டார். நான் முன்னாடி வேலை பார்த்த ஓர் இடத்தில் அலுவலக உபயோகத்துக்குன்னு ஒரு விக்கி இருந்தது. ஒரே சர்வருக்கு மூணு பக்கத்தில் மூணு பேர். புதுசா சேர்ந்த பையன் மூணும் வேற வேறன்னு நினைச்சுத் தேடு தேடுன்னு தேடினான் :-)

சம்பளம் வாங்கிட்டு எழுதுற இடத்திலேயே இந்த லட்சணம். அப்படின்னா சம்பளமே இல்லாம, ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காம, வேற வேற நாட்டில் இருந்து எழுதுற கட்டற்ற மென்பொருள்காரங்க எப்படி ஒரே மாதிரி எழுதுறாங்க? இந்தக் கேள்விக்குத் தமிழில் இருபது வருஷத்துக்கு மேற்பட்ட வரலாறு இருக்கு. எங்க புதுக்கோட்டை மாவட்டத்தில் அதுக்கு ஓர் ஆயிரம் வருஷத்துக்கு மேற்பட்ட முன்கதையும் இருக்கு. ரெண்டையும் சேர்த்துச் சொல்றேன், பொறுமையா படிங்க.

விக்கி வந்த கதை

விக்கின்னாலே நமக்கு விக்கிப்பீடியாதான் ஞாபகம் வரும். ஆனா விக்கி பிறந்தது கலைக்களஞ்சியத்துக்காக இல்லை, நம்ம மாதிரி பொட்டி தட்டுறவங்களுக்காக. வார்டு கன்னிங்காம் என்ற அமெரிக்க நிரலாளர் 1995 மார்ச் 25 அன்று முதல் விக்கியை இணையத்தில் ஏற்றினார். நிரலாளர்கள் தாங்கள் கண்டுபிடித்த நல்ல வழிமுறைகளை எழுதி வைக்கவும், அடுத்தவர் அதைத் திருத்தவும் ஓர் இடம். ஹொனலூலு விமான நிலையத்தில் ஓடின "விக்கி விக்கி" பேருந்தின் பெயரைத்தான் அதுக்கு வைத்தார். ஹவாய் மொழியில் "சீக்கிரம் சீக்கிரம்" என்று அர்த்தம்.

2001 ஜனவரி 15-ல் விக்கிப்பீடியா தொடங்கியபோது யூஸ்மாட்விக்கி என்ற சின்ன மென்பொருளில்தான் ஓடியது. கூட்டம் கூடக் கூட அது தாங்கலை. 2002 ஜனவரியில் மாக்னஸ் மான்ஸ்கே என்ற ஜெர்மானிய மாணவர் பி.எச்.பி.யில் எழுதிய புது மென்பொருளுக்கு மாறினார்கள். அதே வருஷம் ஜூலையில் லீ டேனியல் கிராக்கர் அதைத் திரும்பவும் எழுதினார். அதுக்கு மீடியாவிக்கி என்ற பெயர் 2003-ல் வந்தது.

மீடியாவிக்கிக்கு ஆவணம் எங்கே எழுதினார்கள்? மீடியாவிக்கியிலேயே! தானே தனக்குச் சோறு ஊட்டிக்கிற மாதிரி. அதில் ஒரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். மீடியாவிக்கி தளத்தின் உதவிப் பக்கங்களை மட்டும் பொது உரிமைப் பரப்பில் விட்டுவிட்டார்கள். விக்கிப்பீடியா கட்டுரையை நீங்க எடுத்துப் பயன்படுத்தினால் எழுதியவர்களைக் குறிப்பிடணும், அதே உரிமத்தில் வெளியிடணும். உதவிப் பக்கத்துக்கு அந்த நிபந்தனை கிடையாது. காரணம் எளிது. யாராவது தன் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு விக்கி நிறுவினால், உதவிப் பக்கங்களை அப்படியே அள்ளிக்கொண்டு போய்ப் போட்டுக்கலாம். அதனால் அந்தப் பக்கங்களை எழுதுறவங்களுக்கும் ஒரு கட்டுப்பாடு: எந்த ஒரு தளத்துக்கும் மட்டும் பொருந்துற சமாச்சாரத்தை அதில் எழுதக் கூடாது. உரிமம் எழுத்து நடையையும் சேர்த்துத் தீர்மானிக்குது, பாருங்க.

தமிழுக்கு வந்தபோது

2003-ல் தமிழ் விக்கிப்பீடியா தொடங்கியது. அதை முதலில் கையில் எடுத்தவர் இ. மயூரநாதன். யாழ்ப்பாணத்துக்காரர், கட்டடக் கலைஞர், அப்போ அமீரகத்தில் வேலை. அவர் ஆரம்பத்தில் செய்த பெரிய வேலைகளில் ஒன்று இடைமுகத்தைத் தமிழாக்கினது. பொத்தான்கள், பட்டியல்கள், எச்சரிக்கைகள், எல்லாம். நாமெல்லாம் அலட்சியமா கடந்து போற வேலை. ஆனா யோசிச்சுப் பாருங்க, அன்னைக்கு ஒவ்வொரு பொத்தானுக்கும் ஒரு சொல் வேணும். அகராதியைப் புரட்டினா கிடைக்காது.

இன்னைக்கு அங்கே புழங்குற சொற்களைப் பாருங்க. தொகு, பயனர், பகுப்பு, வார்ப்புரு, வழிமாற்று, மணல்தொட்டி, தானியங்கி. இதில் "வார்ப்புரு" பட்டறைச் சொல் மாதிரி இருக்கு, ஆனா பொருள் கச்சிதம்: ஒரு அச்சில் ஊத்தி எத்தனை வேணும்னாலும் எடுத்துக்கலாம். எல்லாரும் கூடிப் பேசுற பக்கத்தை ஆங்கில விக்கிப்பீடியாவில் "கிராமத்துக் குழாயடி" என்ற பொருளில் சொல்வாங்க. தமிழில் அதை அப்படியே பெயர்க்காம "ஆலமரத்தடி" என்று வைத்தார்கள். குழாயடின்னு வெச்சிருந்தா நம்ம ஊரில் என்ன அர்த்தம் வந்திருக்கும்னு உங்களுக்கே தெரியும் :-)

அந்த ஆலமரத்தடியிலும் பேச்சுப் பக்கங்களிலும் நடந்த பஞ்சாயத்துகள் கொஞ்சநஞ்சம் இல்லை. தமிழ்நாட்டில் இயற்பியல், வேதியியல். இலங்கையில் பௌதிகவியல், இரசாயனவியல். இங்கே பள்ளிக்கூடம், அங்கே பாடசாலை. ஹைட்ரஜனா, ஐதரசனா? கிரந்த எழுத்து வேணுமா, வேண்டாமா? ஒவ்வொன்றும் பல வருஷம் ஓடின விவாதம். சில இடத்தில் மனஸ்தாபமும் வந்திருக்கு.

இதில் தொழில்நுட்பம் எப்படிக் கைகொடுத்துச்சுன்னா, "வழிமாற்று" வழியா. ஐதரசன் என்று தலைப்பு வைத்தாலும், ஹைட்ரஜன் என்று தேடினவரும் அதே பக்கத்துக்கு வந்து சேரலாம். அச்சு அகராதியில் ஒரு சொல்லைத் தேர்ந்தெடுத்தா இன்னொன்று தோத்துப் போச்சு. விக்கியில் தோத்த சொல்லுக்கும் ஒரு வாசல் உண்டு. தரப்படுத்தல்னா ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை அழிப்பது என்றுதான் நான் ரொம்ப நாள் கேள்விப்பட்டது. இங்கே நடந்தது வேற.

தொகு: வினையா, பெயரா?

ஆரம்பத்தில் ஒவ்வொரு விக்கியின் நிர்வாகியும் அந்தந்தத் தளத்திலேயே இடைமுகச் சொற்களை மாத்திக்கலாம். விளைவு? விக்கிப்பீடியாவில் ஒரு முறை செய்த தமிழாக்கத்தை விக்சனரியிலும் இன்னொரு முறை செய்யணும். இந்தத் தொல்லைக்கு மருந்தா வந்தது பீட்டாவிக்கி, பிற்பாடு டிரான்ஸ்லேட்விக்கி என்று பெயர் மாறினது. பின்லாந்தைச் சேர்ந்த நிக்லாஸ் லாக்ஸ்ட்ரோம் தொடங்கியது. அங்கே ஒரு முறை மொழிபெயர்த்தா, மென்பொருளோடு சேர்ந்து எல்லா விக்கிக்கும் போயிடும்.

அங்கே ஒரு அருமையான ஏற்பாடு இருக்கு. தமிழுக்கு ஒரு மொழிக் குறியீடு, பிரெஞ்சுக்கு ஒன்று என்று இருப்பது போல, உலகத்தில் எந்த மொழிக்கும் சொந்தமில்லாத "கியூ கியூ கியூ" என்ற ஒரு குறியீடு. ஒவ்வொரு சொல்லுக்கும் விளக்கம் எழுதி வைக்கிற இடம் அது. "எடிட்" என்று தனியா ஒரு வார்த்தை வந்தா அது "தொகு" என்ற ஏவலா, "தொகுப்பு" என்ற பெயரா? ஆங்கிலத்தில் ரெண்டுக்கும் ஒரே வார்த்தை, தமிழில் வேற வேற. அந்தப் பொத்தான் எங்கே வருது, அழுத்தினா என்ன ஆகும் என்று யாரோ ஒருத்தர் நாலு வரி எழுதி வைத்தால்தான் துபாயிலோ திருச்சியிலோ உட்கார்ந்திருக்கிற மொழிபெயர்ப்பாளர் சரியா எழுத முடியும். ஆவணத்துக்கே ஆவணம்!

உதவிப் பக்கங்களுக்கு இன்னொரு நீட்சியை அதே லாக்ஸ்ட்ரோம் எழுதினார். மூலப் பக்கத்தைச் சின்னச் சின்ன அலகுகளா பிரித்துவிடும். ஆங்கிலத்தில் ஒரு பத்தி மாறினால், தமிழில் அந்தப் பத்தி மட்டும் "பழசாயிடுச்சு" என்று நிறம் மாறி நிற்கும். முழுப் பக்கத்தையும் திரும்பப் படிக்க வேண்டியதில்லை. ஆவணம் இல்லாததைவிட மோசம் பழைய ஆவணம். இல்லாட்டி நாலு பேரைக் கேட்போம், இருந்தா நம்பிடுவோம்.

குடுமியான்மலையில் ஓர் உதவிப் பக்கம்

இப்போ எங்க ஊருக்கு வருவோம். புதுக்கோட்டையில் இருந்து மேற்கே போனா குடுமியான்மலை. அங்கே குடைவரைக் கோயிலுக்குப் பக்கத்தில் பாறையில் வெட்டின இசைக் கல்வெட்டு இருக்கு. பல்லவ கிரந்த எழுத்து, சமஸ்கிருதம். ஏழு பகுதி, ஏழு பண்முறை. சுரங்களை நாலு நாலா கட்டங்கட்டின மாதிரி எழுதியிருக்கு. ஒவ்வொரு சுரத்தின் உயிரெழுத்தையும் மாத்தி மாத்திப் போட்டு நுண்ணிய வேறுபாட்டைக் காட்டியிருக்கு. மாணவர்களுடைய நன்மைக்காகச் செய்ததுன்னு கல்வெட்டே சொல்லுது. சுருக்கமா சொன்னா உதவிப் பக்கம்! அது போதாதுன்னு, இவை எட்டுக்கும் ஏழுக்கும் உரியவைன்னு தமிழில் ஒரு குறிப்பும் உண்டு.

ஆனா யார் எழுதினது? ருத்ராசாரியரின் சீடனான ஓர் அரசன் என்று மட்டும் இருக்கு, பெயர் இல்லை. மகேந்திரவர்மப் பல்லவன் என்று ரொம்ப நாளா சொல்லி வந்தார்கள். அறிஞர்கள் அதை மறுத்தும் எழுதியிருக்காங்க. அந்த "எட்டு" எதைக் குறிக்குது என்பதுக்கும் ஆளுக்கொரு விளக்கம். எழுதின அன்னைக்கு அந்தப் பாறை முன்னாடி நின்ன மாணவனுக்கு இதெல்லாம் தெரிஞ்சிருக்கும். நமக்கு "கியூ கியூ கியூ" இல்லை.

திருமயத்துக் கதை இன்னும் கஷ்டம். அங்கேயும் ஓர் இசைக் கல்வெட்டு இருந்திருக்கு. அதை அழித்து, அதன் மேலேயே பிற்காலத்தில் வேறொரு கல்வெட்டை வெட்டிவிட்டார்கள். மிச்சம் இருப்பது துண்டு துணுக்கு. பழைய பதிப்புக்குத் திரும்பிப் போக "வரலாறு" பொத்தான் இல்லாத உலகம்.

விக்கியின் உயிர்நாடி அந்தப் பொத்தான்தான்னு நான் சொல்வேன். யார், எப்போ, எதை மாத்தினாங்க என்பது மட்டும் இல்லை, ஏன் மாத்தினாங்க என்ற ஒரு வரிச் சுருக்கமும் அதில் இருக்கும். ஒரு சொல்லை யாரோ அழித்தாலும் அது கீழே படிமமா கிடக்கும். ஓலைச்சுவடிகளைச் சேகரித்து உ.வே.சா. பாடபேதங்களை ஒப்பிட்டுக் குறித்து வைத்தாரே, அந்த வேலையை இயந்திரம் தானா செய்யுது.

கூலிக்கு எழுதினபோது

கருவி இருந்தா போதுமா என்றால், போதாது. 2009 வாக்கில் கூகுள் நிறுவனம் ஆங்கிலக் கட்டுரைகளைத் தன் மொழிபெயர்ப்புக் கருவியின் உதவியோடு, கூலிக்கு ஆள் வைத்து, தமிழ் விக்கிப்பீடியாவில் ஏற்றத் தொடங்கியது. கட்டுரைகள் நீளம் நீளமா வந்தன. ஆனா நடை இயந்திர நடை, எழுத்துப் பிழை, ஏற்கெனவே பேசி முடிவு செய்த சொற்களைக் கண்டுக்கவே இல்லை. பேச்சுப் பக்கத்தில் கேள்வி கேட்டா பதில் இல்லை. எந்தத் தலைப்பு தமிழ் வாசகருக்கு வேணும் என்ற யோசனையும் இல்லை. சமூகம் குரல் எழுப்பியது. அப்புறம் பேச்சுவார்த்தை நடந்து, தலைப்புப் பட்டியல் கொடுத்து, சேர்ந்து சரி செய்யப் பார்த்தார்கள். இந்த அனுபவத்தை அ. இரவிசங்கர் 2010-ல் போலந்தின் கிடான்ஸ்க் நகரில் நடந்த விக்கிமேனியா மாநாட்டில் விரிவா எடுத்து வைத்தார்.

அந்தக் கூலி எழுத்தாளர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. வார்த்தைக் கணக்குக்குக் காசு, அவங்க பாட்டுக்கு எழுதினாங்க. அவங்களை யாரும் ஆலமரத்தடிக்குக் கூட்டிட்டுப் போகலை, அவ்வளவுதான். பாணிக் கையேடு கொடுத்துட்டா எல்லாரும் ஒரே மாதிரி எழுதுவாங்கன்னு நினைக்கிறோம். அந்தக் கையேட்டில் இருக்கிற ஒவ்வொரு விதிக்குப் பின்னாடியும் ஒரு சண்டை இருக்கு. அந்தச் சண்டையைப் படிச்சவன்தான் விதியை மதிப்பான்.

இனி

எங்க மாவட்டத்துக்கும் இதில் சின்னப் பங்கு உண்டு. 2015 அக்டோபர் 11-ல் வலைப்பதிவர் திருவிழா புதுக்கோட்டையில் நடந்தது. கவிஞர் நா. முத்துநிலவனும் கணினித் தமிழ்ச் சங்கத்து நண்பர்களும் ஓடியாடி நடத்தினது. வலைப்பதிவர்கள் விவரத்தைத் திரட்டி ஒரு கையேடும் போட்டாங்க. இன்னொரு பக்கம், த. சீனிவாசன் 2012 ஜனவரியில் தொடங்கின "கணியம்" இதழ் கட்டற்ற மென்பொருள்களைப் பத்தி எளிய தமிழில் எழுத ஆரம்பிச்சு, யார் வேணும்னாலும் பகிரலாம்னு கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் கொடுத்தது.

இப்போ ஏன் இதையெல்லாம் கிளறுறேன்னா, இன்னைக்குக் கணினி தானா தமிழ் எழுதுது. அது தமிழ் படிச்ச இடங்களில் தமிழ் விக்கிப்பீடியாவும் ஒன்று. ஆலமரத்தடியில் நாலைந்து பேர் ராப்பகலா சண்டை போட்டு முடிவு செஞ்ச சொல்லைத்தான் அது நாளைக்கு நம்ம பிள்ளைகளுக்குச் சொல்லித் தரப் போகுது. பழசாகிப்போய் யாரும் திருத்தாத பத்தியையும் அதே நம்பிக்கையோட சொல்லித் தரும்.

அதனால ஒரு வேண்டுகோள். கட்டுரை எழுத நேரம் இல்லைன்னா பரவாயில்லை. உங்க ஊர்ப் பக்கத்தைத் திறந்து "வரலாறு" பொத்தானை ஒருமுறை அழுத்திப் பாருங்க. அப்படியே மீடியாவிக்கியின் தமிழ் உதவிப் பக்கம் ஒன்றை எடுத்து, நிறம் மாறி நிற்கிற ஒரே ஒரு பத்தியைச் சரி பண்ணுங்க. சுருக்கத்தில் ஏன் மாத்தினீங்கன்னு ஒரு வரி மறக்காம எழுதுங்க.

பி.கு: "சர்வர்" என்பதுக்கு வழங்கியா, சேவையகமா? என் ஓட்டு வழங்கிக்கு. பஞ்சாயத்தைப் பின்னூட்டத்தில் வெச்சுக்கலாம் :-)