வாயில் சொல்லும் வரலாறு

ஒரு குடும்பம் தன்னைப்பற்றி ஊருக்கு என்ன சொல்ல விரும்புகிறதோ அதை அதன் வாயிற்புறமும் கூடத்துச் சுவரும் சொல்லிவிடுகின்றன. நிலைக்கு மேலே கட்டிய மாவிலைத் தோரணம், படியில் இட்ட கோலம், கதவிற் பூசிய மஞ்சளும் குங்குமமும், கூடத்தில் மாட்டிய படம், மதிலிற் பதித்த பெயர்ப்பலகை ஆகிய இவையாவும் எழுத்தறிந்தாரும் எழுத்தறியாதாரும் ஒருங்கே படிக்கும் ஏடுகளாம். அரசர்கள் கல்லிற் பொறித்தனர். குடிமக்கள் கதவிற் பொறித்தனர். கல்வெட்டுகளைத் தேடித் தேடிப் படியெடுத்த நாம் கதவுகளைத் திரும்பியும் பார்த்தோமில்லை. மழையிலும் வெயிலிலும் கல் நிற்கும், மரப்பலகை நில்லாது. வீட்டை இடிக்கும்போது முதலிற் போவதும் அதுவே. கரமனையிலும் வலியசாலையிலும் கோட்டைக்ககத்தும் சாலைக் கடைத்தெருவிலும் தலைமுறை பலவாக வாழ்ந்துவரும் நம் குடும்பங்களின் வரலாற்றில் ஒரு பகுதி இவ்வாறே அழிந்துகொண்டிருக்கின்றது.

இந்நகரத்தில் ஒரு வீட்டின் பெயர் எவ்வளவு பொருள் பொதிந்ததாக இருந்தது என்பதற்குப் பேரூர்க்கடையைவிடச் சிறந்த சான்று வேறில்லை. 1855இல் ஆலப்புழையிற் பிறந்து, திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியிற் பயின்று, அக்கல்லூரியிலேயே தத்துவப் பேராசிரியராய் விளங்கிய மனோன்மணீயம் பெ. சுந்தரம் பிள்ளையவர்கள் அங்குத் தமக்கென ஓர் இல்லம் அமைத்துக்கொண்டார். அக்காலத்துப் பெருமக்கள் தம் மனைக்குக் குலதெய்வத்தின் பெயரையோ, தந்தை தாயர் பெயரையோ, ஆதரித்த அரசரின் பெயரையோ இடுவது இயல்பு. சுந்தரம் பிள்ளையோ தமக்குத் தத்துவம் கற்பித்த ஆங்கிலேய ஆசிரியர் ராபர்ட் ஹார்வியின் பெயரை இட்டார். "ஹார்விபுரம்" என்பது அம்மனையின் பெயர்.

இப்பெயரைக் கேட்ட மாத்திரத்தில், வெள்ளையரை மகிழ்விக்க இட்ட பெயர் என்று கருதுவாரும் உளர். அவர்கள் அப்பேராசிரியரின் வாழ்வை உற்று நோக்கவேண்டும். 1882 முதல் 1885 வரை அவர் அரசாங்கத்தின் வருவாய்த்துறையில் உயர்ந்த பதவி வகித்தவர். ஹார்வி ஓய்வுபெற்றபோது அப்பதவியை விட்டு, ஆசிரியர் அமர்ந்திருந்த அதே இருக்கைக்கு மாணவராகிய அவர் வந்தமர்ந்தார். 1891இல் மனோன்மணீயம் வெளிவந்தபோது அந்நாடகத்தையும் ஆசிரியர் ஹார்விக்கே உரிமையாக்கினார். தமிழைத் தெய்வமாக்கி வணங்கும் பாயிரத்தை உடைய நூல் அது. அவ்வணக்கத்தின் ஒரு பகுதியையே 1970இல் தமிழக அரசு தமிழ்த்தாய் வாழ்த்தாக ஏற்றது. தமிழுக்குத் தெய்வநிலை தந்தவர் தம் வாயிலில் அயல்மொழி ஆசிரியர் ஒருவரின் பெயரை எழுதிவைத்ததில் முரண்பாடு ஏதுமில்லை. மாதா பிதாவுக்கு அடுத்து நாம் வாயளவில் வைத்துச் சொல்லும் குருவை, அவர் வீட்டு வாயிலிலேயே வைத்தார் என்பதே உண்மை. வேணாட்டு அரசர்களின் காலத்தைக் கல்வெட்டுகளைக்கொண்டு ஆராய்ந்து எழுதியவரும் அவரே. பொறித்த பெயர் நெடுநாள் நிற்கும் என்பதை அவர் அறியாதவரல்லர்.

1897இல், 42ஆம் வயதில், அவர் மறைந்தார். மனோன்மணீயம் வெளியான அதே 1891ஆம் ஆண்டிற் பிறந்த அவர் மகன் நடராஜ பிள்ளைக்கு அப்பொழுது ஆறு வயதே. அம்மகனார் வளர்ந்து திருவிதாங்கூரின் விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்டார். அதன் விளைவாக, திவான் சர் சி. பி. இராமசாமி ஐயரின் ஆட்சிக்காலத்தில், ஹார்விபுரமும் அதைச் சார்ந்த நிலமும் அரசாற் பறிமுதல் செய்யப்பட்டன. நாடு விடுதலை பெற்றபின் அரசியல் நிர்ணய சபையில் உறுப்பினராக இருந்த நடராஜ பிள்ளை, 1954இல் பட்டம் தாணு பிள்ளையின் அமைச்சரவையில் திருவிதாங்கூர்-கொச்சியின் நிதியமைச்சரானார். தந்தை கட்டிய வீட்டை மீட்டுக்கொள்ள அவருக்கு அதைவிட நல்ல வாய்ப்பு வேறு வந்திராது. அவர் அதனைக் கேட்டுப் பெறவில்லை. நிலச்சீர்திருத்தத்திற்கான மசோதாக்களைக் கொண்டுவந்த அமைச்சர் தாமே நிலமிழந்தவராக, எளிய வீட்டில் வாழ்ந்தார் என்று அவரை அறிந்தோர் போற்றியிருக்கின்றனர். 1962இல் திருவனந்தபுரம் தொகுதியிலிருந்து மக்களவைக்குச் சென்று, 1966இல் மறைந்தார். இன்று ஹார்விபுரம் இருந்த பேரூர்க்கடையில் அரசுப் பள்ளி ஒன்று அவர் பெயரைத் தாங்கி நடைபெறுகின்றது. தந்தை ஆசிரியரின் பெயரை வீட்டுக்கு இட்டார்; மகனின் பெயர் பள்ளிக்கு வாய்த்தது. இடையில் குடும்பத்தின் கையைவிட்டுப் போனது வீடு மட்டுமே.

நிற்க. பெயர்ப்பலகை வசதியுடையார் வீட்டு அடையாளம். எல்லார் வீட்டுக்கும் வந்து சேர்ந்த அடையாளம் ஒன்று உண்டு. அது அச்சிட்ட சாமிபடம். அதன் கதையும் இம்மண்ணில் தொடங்குவதே. கிளிமானூரில் 1848இல் பிறந்த இரவிவர்மா, 14 வயதில் ஆயில்யம் திருநாள் மகாராஜாவின் அவைக்கு வந்து சேர்ந்து ஓவியம் பழகியவர். அவரது புகழ் ஓங்கியபின், படம் வேண்டுவோர் மிகுதியாகவும் வரையும் கை ஒன்றாகவும் இருப்பதைக் கண்டு, தேர்ந்தெடுத்த சில ஓவியங்களை ஐரோப்பாவுக்கு அனுப்பி வண்ண அச்சில் ஏற்றலாமே என்று 1884இல் அவருக்கு யோசனை எழுதியவர் சர் டி. மாதவராவ். கும்பகோணத்திற் பிறந்து 1858 முதல் 1872 வரை திருவிதாங்கூரின் திவானாக இருந்த அதே மாதவராவ்தான். பத்தாண்டுகள் கழித்து, 1894இல், பம்பாயில் இரவிவர்மாவின் அச்சகம் எழுந்தது. கல்லச்சில் ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒவ்வொரு கல்லாக, ஒரே தாளை மீண்டும் மீண்டும் பதித்து எடுக்கவேண்டும். வேலை மெதுவானது, செலவோ பெரிது. அச்சகம் கடனில் ஆழ்ந்து, அங்குப் பணிபுரிந்த ஜெர்மானியர் ஒருவரின் கைக்குப் போயிற்று. ஆயினும் தாமரைமேல் நிற்கும் இலக்குமியும் வீணையேந்திய கலைமகளும் இந்தியா முழுதும் வீடுகளில் குடியேறிவிட்டனர்.

அதுவரை கூடத்தில் தெய்வத்தின் உருவத்தை வண்ணத்தில் வைத்துக்கொள்ளல் செல்வர்க்கே இயன்றது. தஞ்சை ஓவியத்துக்குத் தங்கத்தாள் வேண்டும், பலகை வேண்டும், கைத்திறம் வேண்டும். அச்சுப்படத்திற்குச் சில காசுகளும் ஓர் ஆணியும் போதும். இதன் பொருளை இந்நாட்டின் வரலாற்றோடு சேர்த்துப் பார்த்தாலன்றி விளங்காது. கோயிலைச் சூழ்ந்த தெருக்களிற் கூட இன்ன சாதியார் நடத்தலாகாது என்று பலகை நட்டுவைத்த நாடு இது. அப்பலகைகளை எதிர்த்து 1924இல் வைக்கத்தில் தொடங்கிய சத்தியாக்கிரகம் 1925 வரை நீண்டது, பெரியார் ஈ. வெ. ரா. அதற்காகச் சிறை சென்றார். திருவிதாங்கூரில் கோயிற் கதவு எல்லா இந்துக்களுக்கும் திறந்தது 1936 நவம்பர் 12ஆம் நாள். வண்ணப்படங்கள் பரவத் தொடங்கியதற்கும் அந்நாளுக்கும் இடையே ஏறத்தாழ நாற்பதாண்டுகள் உள்ளன. கோயிலில் தெய்வத்தைக் காண உரிமையில்லாதவர்கள் அதே தெய்வத்தைத் தம் மண்சுவரில் மாட்டி விளக்கேற்ற அந்த நாற்பதாண்டுகளில் எவராலும் தடுக்க இயலவில்லை. எளிய அச்சுத்தாள் செய்த இவ்வேலையை நம் வரலாற்று நூல்கள் போதிய அளவு பேசவில்லை என்பது நம் கருத்து. பின்னாளில் கோவில்பட்டி கொண்டையராஜு போன்ற ஓவியர்களின் கைவண்ணம் சிவகாசி நாட்காட்டிகளின் வழியே அந்தப் பணியைத் தொடர்ந்தது. அழகு பற்றிக் குறை கூறுவார் கூறட்டும்.

படத்தை மாட்டாமல் கண்ணாடியை வைத்தவர்களும் இருந்தனர். 1956 நவம்பர் முதல் நாள் வரை திருவிதாங்கூரோடு இருந்த தென்பகுதியில், சாமித்தோப்பில், 1809இல் பிறந்தவர் அய்யா வைகுண்டர். பெற்றோர் அவருக்கு இட்ட பெயர் முடிசூடும் பெருமாள் என்பதும், தாழ்த்தப்பட்ட குலத்தார்க்கு அப்பெயர் ஆகாதென்று மேற்குலத்தார் தடுக்க, அது முத்துக்குட்டி என மாறியதும் அவரைப் பின்பற்றுவோர் வழிவழியாகச் சொல்லிவருவன. பெற்ற பிள்ளைக்கு விரும்பிய பெயரை இடவும் இயலாத காலம் அது; வாயிலிற் பெயர் எழுதுவது எங்ஙனம்? இந்நகரத்துச் சிங்காரத்தோப்பிற் சிறைவைக்கப்பட்டிருந்த அவர் காட்டிய வழியில், பதிகளிலும் நிழல்தாங்கல்களிலும் சிலைக்குப் பதிலாகக் கண்ணாடி வைக்கப்பட்டது. வணங்க வருபவன் கண்ணாடியில் தன்னையே காண்கிறான். தலையிலே துணி கட்டக் கூடாதென்று தடுக்கப்பட்ட மக்கள், தலைப்பாகை கட்டி நிமிர்ந்து நின்று, அக்கண்ணாடியில் தம் முகத்தைக் கண்டனர். 1888இல் நெய்யாற்றின்கரைக்கு அருகே அருவிப்புரத்திற் சிவனை நிறுவிய நாராயண குரு, சாதி வேற்றுமையும் மதப்பகையுமின்றி எல்லாரும் உடன்பிறந்தாராய் வாழும் இடமிது என்ற கருத்தமைந்த வாசகத்தை அங்கு எழுதுவித்தார். 1927இல் களவங்கோட்டில் அவரும் கண்ணாடியையே நிறுவினார். வைக்கத்துத் தெருப்பலகையையும் அருவிப்புரத்து வாசகத்தையும் ஒருங்கே நினைத்துப் பார்க்கவேண்டும். விலக்கவும் எழுத்து, அழைக்கவும் எழுத்து.

அரசகுடும்பமும் தன் நம்பிக்கையை அடையாளமாக்கிற்று. 1750இல் மார்த்தாண்டவர்மா நாட்டைப் பத்மநாபசுவாமிக்கு ஒப்படைத்துத் தாம் அவர் அடியவராய் ஆண்டார். அத்தெய்வத்தின் சங்கு அரச முத்திரையாயிற்று. பழைய அஞ்சல் பெட்டிகளிலும் அச்சங்கைக் காணலாம். ஒரு வீட்டின் பூசையறைச் சின்னம் நாடெங்கும் கடிதப் பெட்டி வரை சென்றது இதனால்தான்.

பிற சமயத்தாரின் வாயில்களும் இவ்வாறே பேசும். முஸ்லிம் அன்பர் சிலர் வீட்டு நிலையில் 786 என்னும் எண்ணைக் காண்கிறோம். இறைவன் திருப்பெயரால் தொடங்கும் வாசகத்தின் எழுத்துகளுக்கு உரிய மதிப்புகளைக் கூட்டிய தொகை அது. கத்தோலிக்கர் கூடத்தில் இயேசுவின் திருஇருதயப் படமும் அதன்முன் சிவப்பு விளக்கும் இருக்கும். அப்படத்தை வீட்டின் அரியணையில் ஏற்றும் வழக்கம் 1907 முதல் உலகெங்கும் பரவியது. சீர்திருத்தக் கிறித்தவர் பலர் புத்தாண்டுதோறும் ஒரு வேதவசனத்தை அவ்வாண்டுக்கு உரிய வாக்குறுதியாகப் பெற்றுச் சுவரில் மாட்டுகின்றனர். யூதர்கள் மறைவாசகம் எழுதிய தோற்சுருளைச் சிறு கூட்டிலிட்டு நிலைக்காலில் பதிப்பர். மட்டாஞ்சேரியில் யூதர் தெருவில் நடந்தவர்கள் அதைக் கண்டிருக்கலாம். வீட்டுக்குள் நுழையும்போதே நினைவு வரவேண்டும் என்பது இவர்கள் அனைவருக்கும் பொதுவான எண்ணம். நம் மாவிலையும் அதற்கே.

கோலத்தைப்பற்றி ஒரு சொல். எழுதாத நாளில்தான் கோலம் மிகத் தெளிவாகப் பேசும். விடிந்தும் வாசல் வெறுமையாய் இருப்பின், அவ்வீட்டில் துக்கம் என்று தெரு அறியும். கேள்வி கேட்காமலே உதவிக்கு வரும். அச்சடித்த கோலத்தாளை நிரந்தரமாக ஒட்டிவிட்ட வாசலுக்கு இந்த மொழி தெரியாது. ஓணத்தின் பத்து நாளும் நம் பெண்டிர் பலர் அரிசிமாவுக்கு அருகிலேயே அத்தப்பூவும் இடுவது இவ்வூரில் வாழ்வதன் அடையாளம்; அதைக் கலப்பு என்று கடிவாருடன் நாம் உடன்படுவதற்கில்லை.

தமிழர் என்ற முறையில் எல்லாச் சமயத்தாரும் மாட்டத்தக்க படம் ஒன்று வெகுநாள் இல்லாதிருந்தது. ஓவியர் கே. ஆர். வேணுகோபால் சர்மா நெடுநாள் உழைத்து வரைந்த திருவள்ளுவர் திருவுருவம் அக்குறையைத் தீர்த்தது. சமயக்குறி ஏதும் நெற்றியில் இல்லாதபடி அதை அவர் அமைத்தார். 1960இல் வள்ளுவர் அஞ்சல்தலை வெளிவந்தது. 1964இல் அத்திருவுருவம் சென்னைச் சட்டமன்றத்தில் திறந்துவைக்கப்பட்டது. பிள்ளையார் படத்துக்கும் திருஇருதயத்துக்கும் பக்கத்தில் அது சமமாக அமர்கிறது. சங்கங்களில் பரிசாக வழங்கப்படுவதும் பெரும்பாலும் அதுவே.

இனிப் பெயர்ப்பலகைக்குத் திரும்புவோம். 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாடு சாதிப்பட்டங்களை விடுமாறு தீர்மானித்தது. தமிழகத்துப் பலகைகளிலிருந்து அவை பெரும்பாலும் நீங்கின, கேரளத்திலோ நீங்கவில்லை. ஒரே பேராசிரியர் இங்குச் சுந்தரம் பிள்ளையாகவும், 1990இல் திருநெல்வேலியில் நிறுவப்பட்ட பல்கலைக்கழகத்தின் பெயரில் சுந்தரனாராகவும் விளங்குகிறார். நம் வீட்டு வாயிலில் எதனை எழுதுவது என்பது ஒவ்வொரு குடும்பமும் தானே தீர்க்கவேண்டிய வினா. ஆனால் கணவன் பெயரோடு மனைவியின் பெயரையும் எழுதத் தயங்குவோர், சாதியை மட்டும் தயங்காமல் எழுதுவது ஏனென்று கேட்கத் தோன்றுகிறது.

எந்த எழுத்தில் எழுதுவது என்பது அடுத்த வினா. தமிழில் மட்டும் எழுதினால் தபால்காரர் திகைப்பார் என்றும், பேரப்பிள்ளைகளுக்கே படிக்கத் தெரியாதென்றும் கூறி ஆங்கிலத்திற்கு மாறியோர் பலர். "யாழகம்" என்று பெயரிட்ட வீடு ஆங்கில எழுத்தில் ஏறினால், சிறப்பு ழகரம் சிதைந்து, யாலகமாகவும் யாசகமாகவும் வாசிக்கப்படும். மலையாளத்திலோ ழகரம் நம்மிடம் உள்ளவாறே உள்ளது. மேலே தமிழிலும் கீழே மலையாளத்திலும் எழுதிய பலகையைத் தமிழ் அறியாத தபால்காரரும் பிழையின்றி "யாழகம்" என்றே கூப்பிடுகின்றார்.