ஜைனுத்தீன், பாட்னா

ஓர் ஓவியத்தின் கீழ் எழுதப்பட்ட இரண்டு வரிகளைப் பற்றியது இப்பதிவு. ஓவியத்தைவிட அவ்வரிகளே என்னைப் பல நாள்களாகத் தொந்தரவு செய்துவருகின்றன.

1777இல் கல்கத்தா உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதியாக இருந்தவர் சர் எலைஜா இம்பே. 1775இல் மகாராஜா நந்தகுமாருக்குத் தூக்குத் தண்டனை விதித்த அதே இம்பே. அவர் மனைவி மேரி இம்பே தம் தோட்டத்தில் பறவைகளையும் விலங்குகளையும் சேர்த்து வளர்த்தார். அவற்றை இயன்றவரை உண்மை அளவிலேயே வரைந்துவைக்க விரும்பி, பாட்னாவைச் சேர்ந்த மூன்று ஓவியர்களை அமர்த்தினார்: ஷேக் ஜைனுத்தீன், பவானி தாஸ், ராம் தாஸ். ஏறத்தாழ ஐந்தாண்டுகளில் 300க்கும் மேற்பட்ட நீர்வண்ண ஓவியங்கள் உருவாயின. பாதிக்கு மேல் பறவைகள். எஞ்சியவற்றில் மீன்களும் ஊர்வனவும் பாலூட்டிகளும் உண்டு.

இது வெறும் பொழுதுபோக்கு அன்று. வெப்பமண்டலத்தில் இறந்த உடல் விரைவில் அழுகும். பதப்படுத்திய தோலையும் பூச்சி அரிக்கும். மீனின் நிறமோ சில மணி நேரத்திலேயே மங்கிவிடும். கப்பலில் மாதக்கணக்கில் பயணம் செய்து ஐரோப்பாவை அடையும் மாதிரி பெரும்பாலும் நிறமிழந்த எச்சமாகவே இருக்கும். ஆகவே உயிருள்ள விலங்கின் முன் அமர்ந்து தீட்டிய தாள் சான்றாகவே பயன்பட்டது.

ஜைனுத்தீன் பயின்ற மரபு முகலாய மரபு. ஜஹாங்கீரின் அவையில் உஸ்தாத் மன்சூர் பறவைகளைத் தீட்டிய காலத்துக்கும் இவருக்கும் இடையே ஒன்றரை நூற்றாண்டு இடைவெளி உண்டு. எனினும் ஒவ்வோர் இறகையும் தனித்தனியே காணும் கண் கைமாறி வந்திருக்கிறது. மாறியது தாள். வழவழப்பாகத் தேய்த்த கைத்தாளுக்குப் பதிலாக, இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் தயாரான வாட்மன் தாள். ஓரச் சித்திரமில்லை, பின்னணியில் தோட்டமில்லை. வெள்ளை வெளி, அதில் ஒரு கிளை, கிளையில் ஒரு பறவை. இந்த வெறுமையை அவர் எவ்வளவு விரைவில் தமதாக்கிக்கொண்டார் என்பதே எனக்கு வியப்பு. 1778இல் தீட்டிய கருந்தலை மாங்குயில் ஒரு பலாமரக் கட்டையின்மேல் அமர்ந்திருக்கிறது. அருகே ஒரு பூச்சி. பறவைக்குக் கிடைத்த அதே கவனம் பலாவின் பட்டைக்கும் கிடைத்திருக்கிறது. அவருடைய எறும்புத்தின்னியின் செதில்களை ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம். அக்கால ஐரோப்பிய நூல்களின் பறவைகள் பல, பஞ்சடைத்த தோலைப் பார்த்து வரைந்தவை; அவற்றின் விறைப்பு ஜைனுத்தீனிடம் இல்லை.

இனி அந்த வரிகள். முதல் வரி ஆங்கிலத்தில், இது கல்கத்தாவில் லேடி இம்பேயின் தொகுப்பைச் சேர்ந்தது என்கிறது. இரண்டாவது வரி, பாட்னாவைச் சேர்ந்த ஜைனுத்தீனால் தீட்டப்பட்டது என்கிறது, ஆண்டும் உண்டு. ஆங்கில வாக்கியத்தின் நடுவே ஓவியரின் பெயர் மட்டும் பாரசீக நஸ்தலீக் எழுத்தில் வருகிறது. மொழியியல் படித்தவளுக்கு இதைக் கடந்துபோக முடிவதில்லை. உடைமை முதலில், உழைப்பு பிறகு. செயப்பாட்டு வினையில், 'ஆல்' உருபோடு, வாக்கியத்தின் இரண்டாம் இடத்தில் ஓவியர். ஆனாலும் இடமிருந்து வலம் ஓடும் வரியில் வலமிருந்து இடமாக ஓடும் அவருடைய பெயர் கண்ணை நிறுத்திவிடுகிறது. இந்தியக் கைவினைஞர் எண்ணற்றோருக்கு இந்த அளவு இடங்கூடக் கிடைக்கவில்லை என்பதையும், கையெழுத்துக்கு இடம்தந்த புரவலர் என்ற வகையில் மேரி இம்பேயின் நேர்மையையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

இங்கிலாந்துக்குச் சென்றபின் ஓவியங்களைப் பறவையியலாளர் ஜான் லாதம் பார்த்தார். புதிய பறவைகளை விவரிக்க அவற்றைப் பயன்படுத்தினார். இமயமலையின் மோனால் பறவைக்கு அவர் சூட்டிய பெயர் இம்பேயை நினைவுகூர்வது. லோபோபோரஸ் இம்பெஜானஸ் என்பதே இன்றும் அதன் அறிவியல் பெயர். நேபாளத்தின் தேசியப் பறவையும் உத்தராகண்டின் மாநிலப் பறவையும் அதுதான். வளர்த்தவர் பெயர் பெயரிடல் விதிகளின் காப்பில் நிலைத்தது. தீட்டியவர் பெயர் தாளின் ஓரத்தோடு நின்றது. அத்தாள்களும் 1810இல் லண்டனில் ஏலம்போய்ச் சிதறின. இன்று ஆக்ஸ்போர்டின் ஆஷ்மோலியன், அமெரிக்காவின் மினியாபொலிஸ் முதலிய அருங்காட்சியகங்களில் அவற்றைக் காணலாம்.

கலை வரலாறும் அதே இலக்கணத்தைப் பின்பற்றியது. இவ்வகை ஓவியங்களுக்கு நெடுங்காலம் வழங்கிய பெயர் 'கம்பெனி ஓவியம்'. வரைந்த கையைக் குறிக்காமல் கூலி கொடுத்த நிறுவனத்தைக் குறிக்கும் பெயர். 2019 இறுதியில் லண்டன் வாலஸ் கலெக்ஷனில் வில்லியம் டால்ரிம்பிள் தொகுத்த கண்காட்சி இவர்களை 'மறக்கப்பட்ட மேதைகள்' என்று அழைத்தது. யாரால் மறக்கப்பட்டவர்கள்? இங்கும் ஒரு செயப்பாட்டு வினை. இம்முறை 'ஆல்' உருபுக்குரிய சொல்லே இல்லை.

நம் பக்கத்திலும் ஓர் இணை நிகழ்வு உண்டு. சென்னை மாகாணத்தில் தாவரங்களைத் தொகுத்த மருத்துவர் ராபர்ட் வைட்டிடம் ரங்கய்யா, கோவிந்து என்னும் ஓவியர் இருவர் ஒருவர்பின் ஒருவராகப் பணியாற்றினர். வைட் ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்குக் 'கோவிந்தூயா' என்று தம் ஓவியரின் பெயரையே சூட்டினார். பிற்காலத் தாவரவியலாளர்கள் அது ஏற்கெனவே பெயரிடப்பட்ட டிராபிடியா பேரினமே என்று கண்டனர். முந்தைய பெயருக்கே முன்னுரிமை என்பது விதி. கோவிந்தூயா இன்று இணைப்பெயர்ப் பட்டியலில் இருக்கிறது.