தொட்டாற்சிணுங்கியும் அதன் முள் உறவுகளும்: பெயர் வைத்தவர்களின் கதை

தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களிடம் தொட்டாற்சிணுங்கியை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. லயத்து வாசல், பள்ளித் திடல், ரப்பர் நிரையின் ஓரம், செம்பனை வரிசைகளுக்கு நடுவே வண்டி போகும் தடம் என்று கால் வைக்கும் இடமெல்லாம் படர்ந்து கிடக்கும். பிள்ளைகளுக்கு விளையாட்டு, செருப்பில்லாமல் நடந்தவர்களுக்கு வேதனை. சிங்கப்பூரின் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் புல்வெளியில்கூட, புல்வெட்டும் இயந்திரத்துக்குத் தப்பித் தரையோடு தரையாக அது பூத்திருப்பதைப் பார்க்கலாம்.

மலாய்க்காரர்கள் இதை ‘செமாலு’ என்கிறார்கள். ‘மாலு’ என்றால் வெட்கம். தமிழ்ப் பெயரிலோ வெட்கத்தைவிடச் சிணுங்கல்தான் முன்னால் நிற்கிறது. தாவரவியல் பெயரான ‘மிமோசா பியுடிக்கா’ இரண்டையும் தொட்டுச் செல்கிறது. ‘மிமோசா’ என்பது பாவனை செய்து நடிப்பவரைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. ‘பியுடிக்கா’ என்றால் நாணமுள்ளவள். சுவீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயஸ் 1753-இல் வெளியிட்ட ‘ஸ்பீஷீஸ் பிளான்டாரும்’ என்ற நூலில் இந்தப் பெயர் இருக்கிறது. ஊர் ஊராகப் பேர் வைத்தவர்கள் எல்லாருக்கும் அந்தச் செடியிடம் ஒரே குணம்தான் கண்ணில் பட்டிருக்கிறது.

இத்தனை பழக்கமானது என்றாலும் இது நம் மண்ணின் செடி அன்று. வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து கப்பலேறி வந்தது. ரப்பரின் தாயகமும் அமெரிக்கக் கண்டம்தான் என்பதால், மரமும் அதன் காலடியில் முளைக்கும் களையும் ஒரே பக்கத்திலிருந்து வந்து தோட்டத்தில் சந்தித்துக்கொண்டன என்று சொல்லலாம்.

தொட்டாற்சிணுங்கி அவரை, துவரை, நிலக்கடலை, புளியமரம் ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. காய்த்த செடியைப் பார்த்தால் அது விளங்கும். பூ இருந்த இடத்தில் சிறுசிறு தட்டைக் காய்கள் கொத்தாக நிற்கும். அவற்றின் ஓரமெங்கும் சுணை இருக்கும். வேரைப் பிடுங்கினால் சிறு முடிச்சுகள் தெரியும். அந்த முடிச்சுகளில் வாழும் பாக்டீரியாக்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்கு உணவாக்கித் தருகின்றன. பயறு வகைகளின் வேரில் வாழ்பவை ‘ரைசோபியம்’ என்ற இனம் என்றுதான் பாடப்புத்தகங்கள் நெடுங்காலம் சொல்லி வந்தன. 2001-இல் தைவானில் தொட்டாற்சிணுங்கியின் வேர் முடிச்சை ஆராய்ந்தபோது, முற்றிலும் வேறு கிளையைச் சேர்ந்த பாக்டீரியா கிடைத்தது. மட்டமான மண்ணிலும் இந்தச் செடி செழிப்பதற்கு இந்தக் கூட்டாளிகளும் ஒரு காரணம்.

அந்த இளஞ்சிவப்புப் பந்தை ஒரு பூ என்று நினைக்கிறோம். உண்மையில் அது பல சிறு பூக்களின் கூட்டம். இதழ்கள் கண்ணுக்கே தெரியாத அளவு சிறியவை. பஞ்சுபோல் நீட்டிக்கொண்டிருப்பவை மகரந்தத் தாள்கள். ஒவ்வொரு சிறு பூவிலும் நான்கு தாள்கள் உண்டு. இந்த எண்ணிக்கையை நினைவில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் வழக்கு எளிதாகப் புரியும்.

இலை மடங்குவதற்குக் காரணம் தண்ணீர். இலைக்காம்பின் அடியிலும் ஒவ்வொரு சிற்றிலையின் அடியிலும் சிறிய வீக்கம் போன்ற மூட்டு இருக்கிறது. தொட்டவுடன் மின் துடிப்பு ஒன்று பரவுகிறது. மூட்டின் ஒரு பக்கத்துச் செல்களிலிருந்து பொட்டாசியம் முதலிய உப்புகள் வெளியேற, தண்ணீரும் உடன் வெளியேறுகிறது. விறைப்பு போனதும் இலை சாய்கிறது. சில நிமிடங்களில் தண்ணீர் திரும்பி வர, இலை நிமிர்கிறது. கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ் இந்தச் செடியின் மின் துடிப்புகளை அளந்து, செடிக்கும் நரம்பு போன்ற ஏற்பாடு உண்டு என்று வாதாடியபோது பலர் ஏற்கவில்லை. 2022-இல் ஜப்பானின் சைத்தாமா பல்கலைக்கழக ஆய்வுக் குழு, சுண்ணாம்புச் சத்தான கால்சியத்தின் அலை இலை வழியே ஓடுவதைப் படம் பிடித்துக் காட்டியது. இலை மடங்க முடியாதபடி செய்யப்பட்ட செடிகளை வெட்டுக்கிளிகள் அதிகமாகத் தின்றன என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. ஆக, சிணுங்கல் ஒரு தற்காப்பு.

இனி வகைப்படுத்தியவர்களின் கதை. லின்னேயஸ் செடிகளைப் பிரித்த முறை, பூவின் உறுப்புகளை எண்ணுவது. எளிய முறைதான், ஆனால் அதனால் ‘மிமோசா’ என்ற ஒரே கூடையில் சுமார் 40 செடிகள் விழுந்தன. கைவிரல் பட்டால் சுருங்கும் தொட்டாற்சிணுங்கியும், தமிழ்நாட்டில் ஏர்க் கலப்பைக்கும் வண்டிச் சக்கரத்துக்கும் வெட்டப்பட்ட கருவேல மரமும் அவருக்கு ஒரே இனம். கருவேலத்தை அவர் ‘மிமோசா நிலோடிக்கா’ என்று எழுதினார்.

பின்னால் வந்தவர்களும் அதே கூடையை நிரப்பினார்கள். அவர்களில் ஒருவர் வில்லியம் ராக்ஸ்பர்க். ஸ்காட்லாந்துக்காரர், கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராகச் சென்னைக்கு வந்தவர். ஆந்திரக் கரையில் சாமல்கோட்டையில் தோட்டம் போட்டு, கோரமண்டல் கரையின் செடிகளைப் பற்றிப் பெரிய படநூல்களை உருவாக்கினார். படங்களை வரைந்தவர்கள் உள்ளூர் ஓவியர்கள். பெயர்கள் நூலில் நிற்காமல் போய்விட்டன. கொடுக்காப்புளிக்கு 1798-இல் ராக்ஸ்பர்க் வைத்த பெயர் ‘மிமோசா டல்சிஸ்’, அதாவது இனிக்கும் மிமோசா. ஆங்கிலத்தில் ‘மெட்ராஸ் தார்ன்’ என்று பெயர் வாங்கிய இந்த முள்மரமும் சென்னையில் பிறந்ததன்று. மெக்சிகோ பக்கத்திலிருந்து ஸ்பானியர்களால் பிலிப்பீன்ஸ் வழியாக ஆசியாவுக்கு வந்தது.

கூடையைக் கவிழ்த்துக் கொட்டி ஒழுங்காக அடுக்கியவர் ஜார்ஜ் பெந்தம். 1800-இல் பிறந்தவர். சட்டம் படித்து, தத்துவ அறிஞரான தம் பெரியப்பா ஜெரமி பெந்தமுக்குச் செயலாளராக வேலை பார்த்தவர். தாவரவியலுக்குப் பிறகுதான் முழுமையாக வந்தார். வழக்கறிஞரின் புத்தி என்று சொல்லத் தோன்றும் அளவுக்கு அவர் கேட்ட கேள்வி தெளிவானது: மகரந்தத் தாள்கள் எத்தனை, அவை தனித்தனியா, ஒன்றாக ஒட்டியவையா? பத்துக்கு மேற்படாமல் இருந்தால் மிமோசா வட்டாரம். எண்ண முடியாத அளவு பல, ஆனால் தனித்தனி என்றால் அக்காசியா. பல தாள்கள் அடியில் குழாய்போல ஒட்டியிருந்தால் தூங்குமூஞ்சி மரத்தின் வட்டாரம். கொடுக்காப்புளி இந்தக் கடைசி வகையில் விழ, 1844-இல் அதற்கு ‘பித்தெசெல்லோபியம்’ என்ற இனத்தில் இடம் கிடைத்தது. குரங்கின் காதணி என்று அந்தக் கிரேக்கச் சொல்லுக்குப் பொருள். சுருண்டு தொங்கும் அந்தக் காயைப் பறித்தவர்கள் பெயர் பொருத்தம் என்றே சொல்வார்கள்.

மிமோசாவுக்குள்ளேயும் பெந்தம் ஒரு கோடு போட்டார். இதழ்கள் எத்தனையோ அத்தனை தாள்கள் உள்ளவை ஒரு பக்கம்; இரண்டு மடங்கு உள்ளவை மறுபக்கம். தொட்டாற்சிணுங்கி முதல் பக்கத்தில் நிற்கிறது. தோட்டங்களுக்குத் தொல்லை தந்த அதன் இரண்டு உறவுகளும் மறுபக்கத்தில் நிற்கின்றன.

அவற்றில் ஒன்று, புதர்மேல் ஏறிப் படரும் பெரிய தொட்டாற்சிணுங்கி. தண்டு உருண்டையாக இராமல் பட்டை பட்டையாக இருக்கும்; பின்னோக்கி வளைந்த முட்கள் வரிசையாக இருப்பதால், சட்டையைப் பிடித்தால் விடாது. தோட்டக்கலைக் கையேடுகளில் இதன் பெயர் பல ஆண்டுகள் ‘மிமோசா இன்விசா’ என்றே இருந்தது. நைட்ரஜன் சேர்க்கும் குணத்துக்காக இதை மூடுபயிராகவும் பயன்படுத்தினார்கள். ஜாவாவில் முள்ளில்லாத வகையும் கிடைத்தது. ஆனால் முள்ளுள்ள வகை கட்டுக்கடங்காமல் போனது.

அந்தப் பெயரே தவறு என்று காட்டியவர் ரூபர்ட் பார்னபி. பிரிட்டனில் பிறந்து நியூயார்க் தாவரவியல் பூங்காவில் உழைத்த இவர், கேம்பிரிட்ஜில் படித்தது வரலாறும் மொழிகளும். தாவரவியலைத் தாமாகவே கற்றுக்கொண்டார். 1991-இல் வெளிவந்த இவருடைய நூல், அமெரிக்கக் கண்டங்களின் மிமோசாக்கள் அனைத்தையும் ஒன்றொன்றாக எடைபோட்டு ஐந்து பிரிவுகளாக அடுக்கியது. உண்மையான ‘இன்விசா’ பிரேசிலில் வளரும் வேறொரு செடி. நம் பக்கத்துப் படர்முள், கியூபாவில் செடி சேகரித்த சார்ல்ஸ் ரைட் பெயரிட்டு 1868-இல் வெளியான ‘மிமோசா டிப்ளோட்ரிக்கா’ என்பது அதில் தெளிவானது.

பெயர் மாறினால் களை அழிந்துவிடுமா என்று கேட்கலாம். களையை அதன் இயற்கை எதிரியைக் கொண்டு அடக்க வேண்டுமானால், அந்த எதிரியைத் தேட வேண்டிய இடம் செடியின் தாயகம். பெயர் தவறினால் தேடும் இடமும் தவறும். நீர்நிலைகளை மூடிய சால்வினியா களையில் இது நடந்தது. வேறொரு செடியின் பெயரால் அதை அழைத்ததால், அந்த வேறு செடியின் பூச்சிகளைக் கொண்டுவந்து விட்டார்கள், பலன் இல்லை. 1972-இல் அது தனி இனம் என்று பெயர் பெற்று, அதன் தாயகம் பிரேசிலில் கண்டறியப்பட்ட பிறகுதான் சரியான வண்டு கிடைத்து, ஆஸ்திரேலியாவில் ஏரி தெளிந்தது. படர்முள்ளுக்கும் பிரேசிலிலிருந்து ஒரு சாறுண்ணிப் பூச்சியை 1988-இல் குயின்ஸ்லாந்தில் விட்டு அடக்கினார்கள்.

இரண்டாவது உறவு ‘செமாலு காஜா’, யானைத் தொட்டாற்சிணுங்கி. ‘மிமோசா பிக்ரா’ என்பது லின்னேயஸ் வைத்த பெயர். பிக்ரா என்றால் சோம்பல். இலை மெதுவாக மடங்குவதற்குப் பொருந்தும், வளரும் வேகத்துக்குச் சற்றும் பொருந்தாது. ஆளுயரம் தாண்டி நெருக்கமான முட்புதராக நிற்கும். ஒரே ஆண்டுக்குள் பூத்துக் காய்க்கும். தாய்லாந்துக்கு 1947-இல் புகையிலைத் தோட்டங்களின் பசுந்தாள் உரமாகக் கொண்டுவரப்பட்டு, ஆறு, கால்வாய் வழியே பரவியது. மலேசியாவில் 1980-இல் கிளந்தானில் கண்டறியப்பட்டது. ஆஸ்திரேலியாவின் வட பகுதியில் ஆயிரக்கணக்கான ஹெக்டர் சதுப்பு நிலத்தை மூடியிருக்கிறது.

பெயர்ச் சண்டைகளில் மிகப் பெரியது அக்காசியாவைப் பற்றியது. ஒரே இனமாக இருந்ததைப் பிரிக்க வேண்டும் என்று ஆய்வுகள் காட்டியபோது, பழைய பெயரை யார் வைத்துக்கொள்வது என்ற கேள்வி எழுந்தது. 2005-இல் வியன்னா மாநாடு ஆஸ்திரேலிய மரங்களுக்குச் சாதகமாக முடிவெடுத்தது. கருவேலம் ‘வச்செல்லியா’ ஆனது. 1966-இல் சபாவுக்குக் கொண்டுவரப்பட்டு இன்று நெடுஞ்சாலை ஓரங்களிலும் நிற்கும், முள்ளே இல்லாத ‘அக்காசியா மங்கியம்’ பெயரைத் தக்கவைத்துக்கொண்டது. ஆப்பிரிக்கர்களுக்கு இதில் இன்னும் மனக்குறை உண்டு.

வீட்டுப் பக்கத்தில் காண்பது எது என்று அறிய நூல் தேவையில்லை. தரையோடு படர்ந்து, இலைக்காம்பின் நுனியில் கைவிரல்போல நான்கு கிளை மட்டும் இருந்தால் சாதாரணத் தொட்டாற்சிணுங்கி. புதர்மேல் ஏறி, தண்டு பட்டையாக இருந்தால் படர்முள். நிமிர்ந்த புதராக, ஒவ்வொரு இலையிலும் பல இணைக் கிளைகளும் இலைக்காம்பின் மேலேயே முள்ளும் இருந்தால் செமாலு காஜா. அதன் காய் துண்டு துண்டாக உடையும். ஒவ்வொரு துண்டிலும் மயிர் இருப்பதால் தண்ணீரில் மிதக்கும், துணியிலும் ஒட்டும். கட்டுமானத்துக்கு அள்ளிவரும் மணலோடும், மண்வாரி இயந்திரத்தின் சக்கரத்தில் ஒட்டிய சேற்றோடும் புது இடத்துக்குப் போய்ச்சேரும். விதை மண்ணில் பல ஆண்டுகள் உறங்கிக் கிடக்கக்கூடியது. பாராங்கால் மேலே வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து திரும்பத் துளிர்க்கும். காய்க்கும் முன்பே வேரோடு எடுப்பதும், எடுத்த இடத்தை அடுத்தடுத்த மழைக்காலங்களில் திரும்பப் பார்ப்பதும்தான் வழி.