எழுவாய் இல்லாத ஒரு வினை: 'தாங்கும்'

குருபரப்பள்ளியில் நான் வேலை பார்த்த ஆலையில் தலைக்கு மேலே ஒரு மோட்டார் ஹாய்ஸ்ட் ஓடும். 'எஸ்.டபிள்யூ.எல். 2 டன்' என்று அதில் எழுதியிருக்கும். பாதுகாப்பான வேலைப் பளு என்று பொருள். "ரெண்டுன்னு போட்டிருந்தா மூணு தாங்கும்ணே" என்பார்கள் பையன்கள். செய்தவன் மிச்சம் விட்டுத்தான் எழுதுகிறான், வாஸ்தவம். ஆனால் அந்த மிச்சம் தேய்மானத்துக்கும் திடீர் உலுக்கலுக்கும் வைத்தது. நம் துணிச்சலுக்கு வைத்ததல்ல.

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 29ஆம் பிரிவு இந்தப் பளுவை எந்திரத்தின் மேலேயே குறிக்கச் சொன்னது. 12 மாதத்துக்கு ஒருமுறை தகுதியுள்ளவர் சோதிக்கவும் சொன்னது. மேலை நாடுகளில் பிற்பாடு 'பாதுகாப்பான' என்ற அடைமொழியையே கழற்றிவிட்டார்கள். எழுதிவைப்பதாலேயே பாதுகாப்பு வந்துவிடாதல்லவா! 'வேலைப் பளு வரம்பு' என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். ஜெர்மானிய நாடக அரங்கின் சொல்லாடல் இன்னும் ஓர் அடி நகர்கிறது. டி8 என்றால், தொங்கும் பளுவின் கீழே ஆள் வருமுன் இரண்டாவது பிடிப்பு ஒன்று வேண்டும். டி8 பிளஸ் என்றால் இரட்டை பிரேக். அசையாது நிற்கும் பளுவின் கீழ் ஆள் நிற்கலாம். ஆட்களின் தலைக்கு மேலே பளு நகரவேண்டுமென்றால் சி1. 'எவ்வளவு' என்ற கேள்விக்கு முன்னால் 'கீழே யார்' என்ற கேள்வி வந்துவிடுகிறது.

சரி, நம்ம மேடை எது? திரௌபதியம்மன் திருவிழாவில் அருச்சுனன் தபசுக்கு மரம் ஏறுகிற கூத்துக்காரரும், செடிலில் தொங்கியவர்களும் நின்ற இடம்தான். 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விஜயநகரம் பற்றி எழுதிய துவார்த்தே பார்போசா, கொக்கியில் ஒரு பெண் தொங்கிய மரத்தை நீர் இறைக்கும் ஏற்றத்தோடு ஒப்பிட்டார். 1890களில் சென்னை மாகாண அரசு செடில் பற்றி விவாதித்தபோது, மதமா கொடூரமா, விருப்பமா வற்புறுத்தலா என்பதே மையமாயிற்று. தொங்கிய உடல் நம்பிக்கையாகவும் குற்றமாகவும் வாசிக்கப்பட்டது. மரமும் கயிறும் விளிம்பிலேயே நின்றன.

மரத்தின் இடத்துக்கு இப்போது கிரேன் வந்திருக்கிறது. 2023 ஜனவரி 22 அன்று ராணிப்பேட்டை மாவட்டம் கீழ்வீதி மண்டியம்மன் கோயில் திருவிழாவில், மாலைகளோடு பக்தர்கள் தொங்கிய கிரேன் சாய்ந்து நால்வர் இறந்தார்கள். ஓட்டியவர் கைதானார். எட்டு ஆள் சேர்ந்தாலும் அரை டன்தான். அதனால்தான் பத்து டன் கிரேனைப் பார்த்ததும் 'தாங்கும்' என்கிறோம். ஆனால் கிரேனுக்கு ஒற்றை எண் கிடையாது. அதன் கை நீள நீளத் தூக்கும் அளவு குறைந்துகொண்டே போகும்; தரை இளகினால் எழுதிய எண்ணே செல்லாது.

நெடுஞ்சாலைக்கு இந்தப் பக்கம் ஆலையில் இரும்பைத் தூக்குவதற்கு எண் உண்டு, சோதனை உண்டு, கையெழுத்து உண்டு. அந்தப் பக்கம் ஊர்த்திடலில் ஆளைத் தூக்குவதற்கு "அதெல்லாம் தாங்கும், பயப்படாதீங்க" என்ற வாக்கு மட்டும்தான். அந்த வினைக்கு எழுவாய் இல்லை. எது தாங்கும்? யார் சொன்னது? விழுந்தால் யார் தாங்குவது? கடைசிக் கேள்விக்கு மட்டும் கிரேன் ஓட்டியைக் காட்டிவிடுகிறோம்.

வெள்ளைக்காரன் பாணியில் தடை கேட்கவில்லை நான். இரும்புக்குக் கிடைக்கிற கையெழுத்து, தொங்குகிற உடம்புக்கும் கிடைக்கட்டும் என்கிறேன்.