'ரிஸ்க்' யார் தலையில்?

கணக்காளர் வேலையில் அடிக்கடி என் காதில் விழும் சொல் 'ரிஸ்க்'. "வீடு வாங்கலாம், ஆனால் ரிஸ்க்." "கடை எடுக்கலாம், ஆனால் ரிஸ்க்." தமிழில் பேசும்போதும் இதை நாம் மாற்றுவதில்லை. இந்த மாதம் இந்தச் சொல்லின் கதையைப் பார்ப்போம்.

ஆங்கிலத்துக்கு இது 17ஆம் நூற்றாண்டில், இத்தாலிய மொழியிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. இத்தாலியத் துறைமுகங்களில் 12ஆம் நூற்றாண்டிலேயே லத்தீனில் எழுதிய வணிக ஒப்பந்தங்களில் 'ரெசிகும்' என்ற சொல் இருக்கிறது. அதற்கு முன்னே எங்கிருந்து வந்தது? கிரேக்கச் சொல் என்பார் சிலர். அரபு 'ரிஸ்க்' என்பார் வேறு சிலர். தமிழ் முஸ்லிம் வீடுகளில், இறைவன் அளக்கும் வாழ்வாதாரத்தைக் குறிக்கும் அதே சொல்தான். அறிஞர்களிடையே இன்னும் முடிவில்லை. நிச்சயமில்லாததைக் குறிக்கும் சொல்லுக்குப் பிறந்த இடமும் நிச்சயமில்லை!

அந்த ஒப்பந்தங்களில் இது வெறும் பயத்தைக் குறிக்கவில்லை. கப்பல் மூழ்கினால், கொள்ளை போனால், நட்டம் யாருடையது என்பதைக் குறித்தது. கடல் வணிகக் கடனில், கப்பல் கரை சேராவிட்டால் கடன் வாங்கியவர் திருப்பித் தரவேண்டியதில்லை. நட்டம் கடன் கொடுத்தவருக்கு. அதற்காகவே அவர் கூடுதல் தொகை கேட்டார். இதன் தொடர்ச்சியாகக் காப்புறுதி வளர்ந்தது. இன்று கிடைத்துள்ள மிகப் பழைய காப்புறுதி ஒப்பந்தங்களுள் ஒன்று, ஜெனோவா நகரில் 1347இல் எழுதப்பட்டது.

17ஆம் நூற்றாண்டின் இறுதியில், லண்டனில் எட்வர்ட் லாயிட் நடத்திய காப்பிக் கடையில் கப்பல்காரர்களும் வணிகர்களும் கூடினார்கள். நட்டத்தில் பங்கேற்பவர், கப்பலின் விவரத்துக்குக் கீழே தன் பெயரையும் தொகையையும் எழுதுவார். 'அண்டர்ரைட்டர்', அதாவது கீழே எழுதுபவர் என்ற பெயர் அப்படி வந்ததுதான். சும்மா எழுதவில்லை, அதற்குக் கட்டணம் வாங்கினார்.

1921இல் பிராங்க் நைட் என்ற அமெரிக்கப் பொருளியல் அறிஞர் இன்னொரு கோடு போட்டார். கணக்கிட முடிந்தது ரிஸ்க். கணக்கிடவே முடியாதது வெறும் நிச்சயமின்மை.

இனி நம் வீட்டுக்கு வருவோம். நண்பர் கடன் எடுக்கிறார், "ஒரு கையெழுத்துத்தானே" என்று பிணை நிற்கச் சொல்கிறார். நீங்களும் கீழே எழுதுபவர்தான், ஆனால் கட்டணம் வாங்காதவர். சீட்டிலும் அப்படியே: எடுத்தவர் கட்டாமல் நின்றால் யார் கட்டுவது என்று முதலிலேயே பேசுகிறோமா? "ரிஸ்க்கா?" என்று கேட்டு நிறுத்திவிடாதீர்கள். "நட்டம் வந்தால் யார் தலையில்?" என்றும் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

அடுத்த மாதம் சந்திப்போம்.