பெரிய மீன், சாதுவான மீன்: வீட்டுத் தொட்டிக்கு எது பொருந்தும்?

மீன் கடையில் விரல் நீளத்தில் ஓயாமல் நீந்தும் சாம்பல் நிறக் குட்டிச் 'சார்க்' மீனைப் பார்த்ததும் பிள்ளைகள் அடம் பிடிப்பார்கள். விலையும் சில வெள்ளிதான். ஆனால், அது சுறா அல்ல. தெமர்லோ பக்கம் தெம்போயாக் போட்டுச் சமைக்கிறார்களே, அந்தப் பாத்தின் இனத்தின் குஞ்சுதான் அது. நன்கு வளர்ந்தால் ஒரு மீட்டரையும் தாண்டும். இரண்டடித் தொட்டியில் அதை விட்டால் ஓராண்டுக்குள் திரும்பக்கூட இடம் இருக்காது.

பல வகை மீன்களை ஒன்றாக வளர்க்கும் கலப்புத் தொட்டிக்குப் பெரிய மீன் வாங்குவோர் பெரும்பாலும் இங்குதான் தவறுகிறார்கள். கடையில் இருக்கும் அளவைப் பார்த்து வாங்குகிறார்கள். முழுதாக வளர்ந்தால் எவ்வளவு இருக்கும் என்று கேட்பதில்லை. 'தொட்டிக்கு ஏற்பத்தான் மீன் வளரும்' என்ற நம்பிக்கையும் நம்மிடையே உண்டு. அது உண்மையல்ல. நெருக்கடியும் அசுத்த நீரும் மீனின் வளர்ச்சியைக் குன்றச் செய்யும். சில மீன்களுக்கு முதுகு வளையும். இருபது ஆண்டு வாழ வேண்டியது ஓரிரு ஆண்டில் செத்துப்போகும்.

சிறு கணக்கு ஒன்று இதை விளக்கும். மீனின் நீளம் இரண்டு மடங்கானால் எடை ஏறக்குறைய எட்டு மடங்காகிறது. 5 சென்டிமீட்டர் குஞ்சு 20 சென்டிமீட்டரை எட்டும்போது எடை 64 மடங்கு. அது தின்னும் தீனியும் வெளியேற்றும் கழிவும் அதற்கேற்பக் கூடும். கழிவிலிருந்து வரும் அமோனியாதான் தொட்டி மீன்களைக் கொல்லும் முதல் எதிரி.

ஆகவே முதலில் தொட்டியை அளந்து பாருங்கள். இரண்டடித் தொட்டிக்குப் பெரிய மீன் என்ற பேச்சே வேண்டாம். 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் கொண்ட தொட்டி சுமார் 250 லிட்டர் பிடிக்கும். தண்ணீர் மட்டுமே 250 கிலோ. கண்ணாடி, கல், மேசை எல்லாம் சேர்ந்தால் 300 கிலோவைத் தாண்டும். அடுக்குமாடியில் இருப்போர் அதைக் கூடத்தின் நடுவில் வைக்காமல் சுவரோரம் வைப்பது நல்லது.

'இது சண்டை போடாது' என்று கடைக்காரர் சொன்னால் அது பொய்யாக இருக்காது. ஆனால் சண்டை போடாத மீனும் வாயில் அடங்குவதை விழுங்கிவிடும். நம் ஆற்று லம்பாம் பரம சாது. கடையில் 'தின்ஃபாயில் பார்ப்' என்று விற்பார்கள். அதனுடன் நியோன் டெட்ராவை விட்டால் சில மாதங்களில் டெட்ராவைக் காணோம் என்று தேட வேண்டியதுதான். ஏஞ்சல் மீனும் அப்படியே. போதாததற்கு, ஏஞ்சல் ஜோடி முட்டையிட்டால் பாதித் தொட்டியைத் தன் வீடாக்கிக்கொண்டு மற்றவற்றை விரட்டும்.

பாலா ஷார்க் என்ற வெள்ளி நிற மீனும் யாரையும் கடிக்காது. அதுவும் சுறா அல்ல; கெண்டை வகையைச் சேர்ந்தது. ஆனால் விளக்கைத் திடீரென்று போட்டால் பதறிப்போய்க் கண்ணாடியில் மோதும், மூடி இல்லாவிட்டால் வெளியே குதிக்கும். சாது மிரண்டால் காடு கொள்ளாது என்பது இதற்குத்தான் சரியாகப் பொருந்தும். 35 சென்டிமீட்டர் வரை வளரும், கூட்டமாக வாழும் இந்த மீனை நான்கடித் தொட்டியில் வளர்ப்பது நியாயமில்லை.

அப்படியானால் எதைத்தான் வாங்குவது? மூன்றடி, நான்கடித் தொட்டி வைத்திருப்போருக்கு முத்து கௌராமிக்கு நிகர் வேறில்லை. மலாயில் செப்பாட் முத்தியாரா. தீபகற்ப மலேசியா, சுமத்திரா, போர்னியோ சதுப்பு நீர்களைச் சேர்ந்த நம் மண்ணின் மீன். 12 சென்டிமீட்டர் வரை வளரும். உடல் முழுதும் முத்துப் புள்ளிகள். ஆண் மீனின் கழுத்தும் நெஞ்சும் செம்மஞ்சள். நீர்ப்பரப்புக்கு வந்து காற்றைக் குடிக்கும் உறுப்பு இதற்கு உண்டு என்பதால் மூடிக்கும் நீருக்கும் இடையே சற்று இடைவெளி விடுங்கள். ஓர் ஆணுக்கு இரண்டு மூன்று பெண் என்ற கணக்கில் வளர்த்தால் அமைதியாக இருக்கும்.

அதற்குத் துணையாக நான்கடித் தொட்டியில் போசெமானி ரெயின்போ ஐந்தாறு விடலாம். முன்பாதி நீலம், பின்பாதி ஆரஞ்சு. கடையில் குஞ்சாக இருக்கும்போது வெளுத்துப்போய் இருப்பதால் பலர் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. நிறம் ஏறப் பல மாதங்கள் ஆகும், பொறுக்க வேண்டும்.

ஐந்தடி, ஆறடித் தொட்டி இருந்தால் சில்வர் டாலர். 15 சென்டிமீட்டர், தட்டு வடிவம், குறைந்தது ஐந்து மீன்கள். பிரானாவின் உறவு என்றாலும் இதற்குப் பிடித்தது கீரை. கங்கோங் போட்டால் தண்டைக்கூட விடாது. தொட்டியில் செடி வளர்க்கும் ஆசையை மறந்துவிடுங்கள். வாங்கும்போது ஓர் எச்சரிக்கை: பாக்கு என்ற மீனின் குஞ்சும் பார்ப்பதற்கு இதைப் போலவே இருக்கும். அது அரை மீட்டருக்கு மேல் வளரும். பெயரைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். சிக்லிட் வகைப் பெரிய மீன்களில் செவெரம் மட்டும் ஓரளவு பொறுமைசாலி. சில்வர் டாலருடன் ஒத்துப்போகும்.

ஆறடித் தொட்டியின் அடித்தளத்துக்குக் கிளௌன் லோச் ஐந்து. சுமத்திரா, போர்னியோ ஆறுகளின் மீன். 20 சென்டிமீட்டரைத் தாண்டும், இருபது ஆண்டுக்கு மேலும் வாழும். திடீரென்று ஒரு பக்கமாகச் சாய்ந்து படுத்துக்கிடக்கும். செத்துவிட்டது என்று எடுத்து எறிந்துவிடாதீர்கள், அது அதன் வழக்கம்.

தொட்டியில் நீர் நிரப்பியதும் அன்றே மீன் விடக் கூடாது. வடிகட்டியில் அமோனியாவை மாற்றும் நுண்ணுயிர்கள் பெருக நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். பிறகு வாரந்தோறும் கால் பங்கு நீரை மாற்ற வேண்டும். குழாய் நீரை ஒரு நாள் வாளியில் திறந்து வைத்தால் குளோரின் போய்விடும் என்பார்கள். சிங்கப்பூரில் இது பலிக்காது. அங்கே குழாய் நீரில் இருப்பது குளோராமின். அது எளிதில் ஆவியாகாது. குளோராமினையும் நீக்கும் மருந்து என்று பார்த்து வாங்க வேண்டும்.

பாசி தின்னும் என்று வாங்கப்படும் ஈக்கான் பண்டாராயாவைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். தொட்டியைத் துப்புரவு செய்வதால் மாநகர மீன் என்று பெயர் வந்தது. அரை மீட்டர் வரை வளரும் இந்தத் தென்னமெரிக்க மீன் தொட்டிக்குள் அடங்காமல் போனதும் பலர் ஆற்றில் விட்டார்கள். இன்று கிள்ளான், லங்காட் ஆறுகளில் அது பெருகிக் கிடக்கிறது. கரைகளைத் துளைக்கிறது, மீனவர் வலையில் நல்ல மீனுக்குப் பதில் முள்ளோடு சிக்கி வலையைக் கிழிக்கிறது. தன்னார்வலர்கள் கூடி அதைப் பிடித்து அழிக்கும் நிலை வந்துவிட்டது. பாசிக்கு மீன் வேண்டுமென்றால் 12 சென்டிமீட்டரோடு நின்றுவிடும் பிரிஸ்டில்நோஸ் போதும்.

ஏற்கெனவே தவறாக வாங்கிவிட்டவர்கள் ஆற்றையோ ஈயக்குட்டையையோ நாட வேண்டாம். சிங்கப்பூரில் வளர்ப்பு உயிர்களை வெளியே விடுவது சட்டப்படி குற்றம். வாங்கிய கடையிலேயே கேட்டுப் பாருங்கள். பல கடைகள் பணம் தராவிட்டாலும் மீனைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். பாத்தினும் பாக்குவும் என்றால் குளம் வைத்திருப்பவர் யாராவது மகிழ்ச்சியோடு வாங்கிக்கொள்வார்.